அடுக்குக் கோப்புறைகளில் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை நீக்குதல்

அடுக்குக் கோப்புறைகளில் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை நீக்குதல் என்பது, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பல கோப்புறைகளில் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான அல்லது இலட்சக்கணக்கான கோப்புகளை, அவற்றின் மீது இயக்குதளம் வைத்திருக்கும் தடைகளை விலக்கி அழிக்கும் பணியாகும். மேம்படுத்தலுக்குப் பின் எஞ்சிய பழைய விண்டோஸ் கோப்புறை, நிரலாளர்கள் பதிவிறக்கிச் சேர்த்த நூலகத் தொகுப்புகள், வேறொரு கணினியிலிருந்து கழற்றிப் பொருத்திய வன்தட்டு ஆகியவற்றைத் துப்புரவு செய்யும்போது இத்தேவை எழுகிறது.

இப்பணியில் பயனர் பெரும்பாலும் காண்பது "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற ஒரே செய்தியைத்தான். ஆனால் அச்செய்திக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். காரணத்தை அறியாமல் நிர்வாகி அதிகாரத்தைக் கொண்டு வலிந்து நீக்க முற்படும்போது வேண்டாத கோப்புகளோடு வேண்டியவையும் போய்விடுகின்றன. எந்தத் தடை, எதற்காக வைக்கப்பட்டது என்று கண்டு, அதை மட்டும், அந்தக் கோப்புறைக்குள் மட்டும் விலக்குவதே முறையான வழி.

நீக்கல் எவ்வாறு நிகழ்கிறது

யுனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயக்குதளங்களில் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், தரவு வட்டில் எங்கே உள்ளது என்னும் விவரம் ஆகியவை 'ஐநோட்' எனப்படும் பதிவில் இருக்கின்றன. கோப்புறை என்பது பெயர்களையும் அவற்றுக்குரிய ஐநோட் எண்களையும் கொண்ட ஓர் அட்டவணை. நீக்கல் என்பது இந்த அட்டவணையிலிருந்து ஒரு வரியை அடிப்பதாகும். அந்த ஐநோட்டைச் சுட்டும் கடைசிப் பெயரும் அழிந்து, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்காதபோதுதான் இடம் விடுவிக்கப்படுகிறது.

இதிலிருந்து பலருக்கும் வியப்பளிக்கும் ஒரு விளைவு பிறக்கிறது. ஒரு கோப்பை நீக்க அக்கோப்பின் மீது எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் கோப்புறையின் மீது எழுதும் அனுமதியும் நுழையும் அனுமதியும் இருந்தால் போதும். 'படிக்க மட்டும்' என்று குறிக்கப்பட்ட கோப்பையும் கோப்புறையின் உரிமையாளர் நீக்கிவிடலாம். மாறாக, எல்லா அனுமதிகளும் உள்ள கோப்பு கூட, எழுத முடியாத கோப்புறைக்குள் இருந்தால் அசையாது.

விண்டோஸ் இதில் சற்று வேறுபடுகிறது. அங்கு கோப்பின் மீதே 'நீக்கும் உரிமை' என ஒன்று உண்டு. அந்த உரிமையோ, தாய்க்கோப்புறையின் மீது 'உள்ளிருப்பவற்றை நீக்கும் உரிமை'யோ, இரண்டில் ஒன்று இருந்தால் நீக்கலாம்.

அடுக்கமைப்பும் நீக்கும் வரிசையும்

வெறுமையாக உள்ள கோப்புறையை மட்டுமே இயக்குதளம் நீக்க அனுமதிக்கிறது. எனவே ஒரு முழு அடுக்கை அழிக்கும் நிரல் முதலில் ஆக அடியில் உள்ள கோப்புறைக்குச் சென்று, அதிலுள்ள கோப்புகளை நீக்கி, வெறுமையான கோப்புறையை நீக்கி, ஒரு படி மேலேறி, அதையே திரும்பச் செய்ய வேண்டும். யுனிக்ஸில் 'ஆர்எம்' கட்டளையின் '-ஆர்' தெரிவும், விண்டோஸில் 'ஆர்டி' கட்டளையின் '/எஸ்' தெரிவும் இதையே செய்கின்றன.

இந்த வரிசையின் காரணமாக, அடியாழத்தில் ஒரே ஒரு கோப்பு நீங்க மறுத்தாலும் அதற்கு மேலுள்ள கோப்புறைகள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. திரையில் பத்துப் பன்னிரண்டு பிழைச் செய்திகள் ஓடலாம். அவற்றுள் முதலில் வந்தது மட்டுமே பெரும்பாலும் உண்மையான காரணம். "கோப்புறை வெறுமையாக இல்லை" என்னும் மற்றவை அதன் எதிரொலிகள். ஆகவே பிழைப் பட்டியலை மேலிருந்து படிக்க வேண்டும்.

லினக்ஸில் காணப்படும் தடைகள்

கோப்பின் எழுது தடை: உரிமையாளருக்கே எழுதும் அனுமதி இல்லாத கோப்பைக் கண்டால் 'ஆர்எம்' கட்டளை "நீக்கட்டுமா?" என்று கேட்கும். இது வெறும் எச்சரிக்கையே. ஆம் என்றால் கோப்பு நீங்கிவிடும். '-எஃப்' தெரிவு இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்கிறது. 'வலிந்து செய்' என்று பொருள் தரும் பெயர் அதற்கு இருந்தாலும், அது எந்த அனுமதியையும் கூட்டித் தருவதில்லை.

கோப்புறையின் எழுது தடை: இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கோ நிரலாக்க மொழியின் தொகுப்புச் சேமிப்பு. பதிவிறக்கிய மூல நிரல்கள் தவறுதலாகத் திருத்தப்படாமல் இருக்க, அம்மொழியின் கருவி கோப்புகளை மட்டுமன்றிக் கோப்புறைகளையும் படிக்க மட்டும் உரியவையாக மாற்றி வைக்கிறது. இச்சேமிப்பை 'ஆர்எம் -ஆர்எஃப்' கொண்டு நீக்க முயல்பவர் தம் சொந்தக் கோப்புகளின் மீதே ஆயிரக்கணக்கான மறுப்புச் செய்திகளைப் பெறுவார். இங்கு ரூட் அதிகாரம் தேவையே இல்லை. 'சிஎச்மாட்' கட்டளையால் அந்த அடுக்கு முழுவதற்கும் உரிமையாளருக்கு எழுதும் அனுமதியை அளித்துவிட்டு நீக்கலாம். அதைவிட நல்லது, இதற்கென்றே கோ கருவியில் உள்ள துப்புரவுக் கட்டளையைப் பயன்படுத்துவது. ஒரு மென்பொருள் தானே உருவாக்கிய சேமிப்பை நீக்கத் தனிக் கட்டளை தந்திருந்தால், அதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும்.

ஒட்டு பிட்: பலரும் எழுதக்கூடிய பொதுவான தற்காலிகக் கோப்புறையில் ஒருவர் மற்றவரின் கோப்பை நீக்கக் கூடாது. அதற்காக அக்கோப்புறைக்கு ஒட்டு பிட் இடப்படுகிறது. இடப்பட்டால் கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் பயனர் ஆகியோர் மட்டுமே நீக்க முடியும்.

மாற்றவியலாப் பண்பு: ஈஎக்ஸ்டி4 முதலான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்புக்கு இப்பண்பை இட்டால் ரூட் பயனராலும் அதை நீக்கவோ திருத்தவோ இயலாது. சாதாரண அனுமதிப் பட்டியலில் இது தெரிவதில்லை. 'எல்எஸ்அட்டர்' கட்டளை கொண்டே காண முடியும். 'சிஎச்அட்டர்' கட்டளையால் பண்பை நீக்கிய பின்னரே கோப்பு நீங்கும். ரூட்டாக இருந்தும் நீக்க முடியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை இப்பண்பும், வட்டு படிக்க மட்டும் இணைக்கப்பட்டுள்ளதா என்பதும் ஆகும்.

மேக் கணினிகளில் இதற்கு இணையாக 'பூட்டப்பட்டது' என்னும் குறி உண்டு. மேலும் 2015 இல் வெளியான எல் கேப்பிட்டன் பதிப்பு முதல், இயக்குதளத்தின் முக்கியக் கோப்புகளை ரூட் பயனரும் தொட முடியாதபடி 'கணினி ஒருமைப் பாதுகாப்பு' தடுக்கிறது.

விண்டோஸில் காணப்படும் தடைகள்

படிக்க மட்டும் என்னும் பண்பு: இது மிக எளிய தடை. 'அட்ரிப்' கட்டளையால் அடுக்கு முழுவதும் இதை நீக்கலாம். 'டெல்' கட்டளையின் '/எஃப்' தெரிவு இத்தகைய கோப்புகளை நீக்கும். அதற்கு மேல் அதன் 'வலிமை' செல்லாது.

உரிமையும் அணுகல் பட்டியலும்: என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரும் அணுகல் பட்டியலும் உண்டு. பழைய கணினியின் வன்தட்டைப் புதியதில் பொருத்தினால், பழைய பயனர் கணக்குகளைப் புதிய விண்டோஸ் அறியாது, ஆகவே மறுக்கும். நிர்வாகி முதலில் 'டேக்கோன்' கட்டளையால் உரிமையைத் தமதாக்கி, பின்னர் 'ஐகேக்கல்ஸ்' கட்டளையால் தமக்கு முழு அணுகல் அளித்து, அதன்பிறகு நீக்கலாம். உரிமை பெற்றாலே அணுகலும் வந்துவிடும் என்று எண்ணி இரண்டாம் படியை விட்டுவிடுவது வழக்கமான பிழை.

இயக்குதளத்தின் கோப்புகள்: விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸின் முக்கியக் கோப்புகளுக்கு 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்னும் சேவையே உரிமையாளர். இவற்றின் உரிமையை மாற்றினால் பழைய அணுகல் அமைப்பைத் திரும்ப அமைப்பது கடினம். பதிப்பு மேம்படுத்தலுக்குப் பின் எஞ்சும் பழைய விண்டோஸ் கோப்புறையை நீக்கக் கட்டளைகளோடு போராட வேண்டியதில்லை. வட்டுத் துப்புரவுக் கருவியில் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்' என்பதைத் தெரிவு செய்தால் போதும். விண்டோஸ் 10 இல் பொதுவாக 10 நாள்களுக்குப் பின் அது தானாகவே நீங்கிவிடும்.

பயன்பாட்டில் உள்ள கோப்பு: வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸ் பெரும்பாலும் நீக்க விடாது. இது அனுமதிச் சிக்கல் அன்று. அந்த நிரலை மூடுவதோ கணினியை மறுதொடக்கம் செய்வதோ தீர்வாகும்.

நீண்ட பாதை: விண்டோஸின் பழைய நிரல் இடைமுகம் ஒரு கோப்பின் முழுப் பாதையை 260 எழுத்துகளுக்குள் அடக்குகிறது; என்டிஎஃப்எஸ் முறைமையோ ஏறத்தாழ 32,000 எழுத்துகள் வரை ஏற்கும். எனவே சில நிரல்கள் உருவாக்கிய ஆழமான கோப்புறைகளை வேறு நிரல்களால் நீக்க முடியாமல் போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் என்பிஎம் கருவி, 2015 இல் வந்த 3 ஆம் பதிப்புக்கு முன், தொகுப்புக்குள் தொகுப்பாக அடுக்கியதால் இச்சிக்கல் பரவலாகத் தெரியவந்தது. மேலுள்ள கோப்புறைகளுக்கு ஓரெழுத்துப் பெயர் இட்டுப் பாதையைச் சுருக்கலாம். அல்லது ஒரு வெற்றுக் கோப்புறையின் நகலாக அதை மாற்றும்படி 'ரோபோகாப்பி' கட்டளைக்குச் சொல்லலாம். அக்கட்டளை நீண்ட பாதைகளைக் கையாளும்.

எண்ணிக்கையால் வரும் சிக்கல்கள்

பத்துக் கோப்புகளுக்குப் பொருந்தும் வழி பத்து இலட்சம் கோப்புகளுக்குப் பொருந்துவதில்லை. வரைகலைச் சாளரத்தில் நீக்கும்போது கணினி முதலில் எல்லாவற்றையும் எண்ணிக் கணக்கிட்டு, பின்பு மறுசுழற்சித் தொட்டிக்கு நகர்த்துவதால் நேரம் நீள்கிறது. கட்டளைச் சாளரம் இவ்விடத்தில் விரைவானது. ஆனால் அங்கு மறுசுழற்சித் தொட்டி கிடையாது.

லினக்ஸில் நட்சத்திரக் குறியை இட்டு ஒரே கோப்புறையிலுள்ள அனைத்தையும் நீக்க முயன்றால், "பட்டியல் மிக நீளம்" என்ற பிழை வரக்கூடும். இப்பிழையைத் தருவது 'ஆர்எம்' அன்று. நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது ஷெல்லின் வேலை. அவ்வாறு விரிந்த பட்டியல், ஒரு நிரலுக்கு அளிக்கக்கூடிய அளவை மீறிவிடுகிறது. பொதுவான லினக்ஸ் அமைப்பில் அவ்வளவு சுமார் 2 மெகாபைட். 'ஃபைண்ட்' கட்டளை கோப்புறைகளைத் தானே நடந்து பார்ப்பதால் அதற்கு இந்த எல்லை இல்லை.

ஆனால் 'ஃபைண்ட்' கட்டளையில் சொற்களின் வரிசை முக்கியம். அது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செயல்படுத்துகிறது. 'நீக்கு' என்னும் செயலை நிபந்தனைக்கு முன் எழுதினால், நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் நீங்கிவிடும். கோப்புப் பெயர்களை வேறு கட்டளைக்கு அனுப்பும்போது இடைவெளி உள்ள பெயர்கள் இரண்டாகப் பிளவுபடலாம் என்பதும் கருதத்தக்கது; அதற்காகவே பெயர்களை வெற்று எழுத்தால் பிரிக்கும் தெரிவு உள்ளது.

வரலாற்றில் பதிவான தவறுகள்

1998 இல் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படம் தயாரிப்பில் இருந்தபோது, பிக்சார் நிறுவனக் கணினியில் இயக்கப்பட்ட ஒரு நீக்கல் கட்டளை படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தது. காப்பு நகல்களும் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணிபுரிந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மனின் கணினியில் இருந்த நகலைக் கொண்டு பெரும்பாலானவை மீட்கப்பட்டன.

2011 இல் மடிக்கணினிகளின் வரைகலை அட்டைக்கான 'பம்பிள்பீ' என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் நிரலில், நீக்க வேண்டிய பாதையின் நடுவே ஓர் இடைவெளி தவறுதலாக நுழைந்திருந்தது. நிரல் ரூட் அதிகாரத்தில் இயங்கியது. அந்த ஒரு வெற்றிடத்தால் பாதை இரண்டாகப் பிரிந்து, முதல் துண்டான 'யூஎஸ்ஆர்' கோப்புறை, அதாவது நிறுவப்பட்ட மென்பொருள்களில் பெரும்பகுதி, அழிந்தது.

2015 இல் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் ஒரு பிழை வெளிப்பட்டது. நீக்க வேண்டிய கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி சில நேரங்களில் வெறுமையாக இருந்தது. வெறுமைக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் வர, கட்டளை வட்டின் வேரிலிருந்து அனைத்தையும் நீக்கு என்று பொருள்பட்டது. இயக்குதளக் கோப்புகள் ரூட் பயனருக்குரியவை என்பதால் தப்பின. பயனரின் ஆவணங்களும், இணைத்திருந்த வெளி வட்டின் கோப்புகளும் போயின. அனுமதி முறை கணினியைக் காத்தது. ஆனால் திரும்ப நிறுவ முடியாத பயனரின் சொந்தக் கோப்புகளுக்கு அதனால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தள வழங்கியில் இருப்பதாக எண்ணி முதன்மை வழங்கியின் தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே மிஞ்சியது. வழக்கமான காப்பு முறைகள் கைகொடுக்காத நிலையில், தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட நகலைக் கொண்டு மீட்டனர். இடைப்பட்ட நேரத்தின் தரவு இழக்கப்பட்டது. நிறுவனம் இந்நிகழ்வை மறைக்காமல் விரிவாக வெளியிட்டது.

இந்நிகழ்வுகளில் நீக்கல் கட்டளை தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. பிழை, பாதையிலோ இடத்திலோ இருந்தது.

குறியீட்டு இணைப்புகளும் பாதுகாப்பும்

அடுக்கின் நடுவே வேறொரு கோப்புறையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு இருக்கலாம். முறையான நீக்கல் நிரல் இணைப்பை மட்டும் அழிக்கும். அதன் வழியே சென்று மறுபக்கம் உள்ளவற்றை அழிக்காது. ஆனால் நிரல் ஒரு பெயரைச் சோதித்து "இது கோப்புறைதான்" என முடிவு செய்த கணத்துக்கும், உள்ளே நுழையும் கணத்துக்கும் இடையில், தீய நோக்குள்ள ஒருவர் அக்கோப்புறையை அகற்றி அதே பெயரில் இணைப்பு ஒன்றை வைத்துவிடலாம். அப்போது உயர் அதிகாரத்தில் இயங்கும் நிரல், அந்த நபரால் நீக்க முடியாத கோப்புகளை அவருக்காக நீக்கிவிடும்.

ரஸ்ட் நிரலாக்க மொழியின் அடிப்படை நூலகத்தில் கோப்புறை அடுக்கை நீக்கும் செயற்கூறில் இத்தகைய ஓட்டை கண்டறியப்பட்டு, 2022 சனவரியில் 1.58.1 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. பிறர் எழுதக்கூடிய கோப்புறைகளை ரூட் அதிகாரத்தில் துப்புரவு செய்வது ஏன் ஆபத்தானது என்பதற்கு இது சான்று.

பாதுகாப்பான நடைமுறை

முதலில், நீக்கப் போகும் பாதையை முழுமையாக எழுதி, அதில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். இருபதாயிரம் கோப்புகள் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு இலட்சம் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். 'ஃபைண்ட்' கட்டளையைப் பயன்படுத்துவோர் அதை முதலில் பட்டியலிட மட்டும் ஓட்டி, விடை சரியாக இருந்தால் மட்டுமே நீக்கும் செயலைக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

இரண்டாவதாக, நீக்குவதற்கு முன் கோப்புறையின் பெயரை மாற்றிச் சில நாள்கள் விட்டு வைக்கலாம். ஏதேனும் நிரலுக்கு அது தேவைப்பட்டால் அந்நாள்களில் தெரிந்துவிடும். பெயரைத் திரும்ப மாற்றினால் எல்லாம் பழையபடி ஆகும்.

மூன்றாவதாக, தடையை அந்த அடுக்குக்குள் மட்டும் விலக்க வேண்டும். தமக்குச் சொந்தமான கோப்புகளுக்கு அனுமதியை மாற்றி நீக்குவதும், ரூட்டாக மாறி நீக்குவதும் ஒரே விளைவைத் தருவது போலத் தோன்றும். பாதையில் ஓரெழுத்து பிழையானால் வேறுபாடு புலப்படும்: முதல் வழியில் மறுப்புச் செய்தி வர வாய்ப்புண்டு, இரண்டாம் வழியில் மறுக்க எவரும் இல்லை. விண்டோஸில் அணுகல் பட்டியலை மாற்றும் முன், 'ஐகேக்கல்ஸ்' கட்டளையால் பழைய பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வைக்கலாம்.

நான்காவதாக, தானியங்கு நிரல்களில் மாறி வெறுமையாக இருந்தால் உடனே நிற்கும்படி எழுத வேண்டும். லினக்ஸின் 'ஆர்எம்' கட்டளை இன்று வேர்க் கோப்புறையை நேரடியாக நீக்கச் சொன்னால் மறுக்கிறது. ஆனால் வேருக்குப் பின் நட்சத்திரக் குறி இட்டால், ஷெல் அதை விரித்துத் தனித்தனிக் கோப்புறைகளாகக் கொடுத்துவிடுவதால் இந்தக் காவல் பயனற்றுப் போகிறது.

ஐந்தாவதாக, காப்பு நகல் இருப்பது மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நீக்கிய பின்

கோப்புகள் நீங்கியும் இடம் திரும்பாமல் இருப்பதுண்டு. ஏதேனும் நிரல் அவற்றை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அதே ஐநோட்டுக்கு வேறிடத்தில் மற்றொரு பெயர் இருக்கலாம். கோப்பு முறைமையின் கணநேர நகல் பழைய தரவைப் பிடித்து வைத்திருக்கலாம். அல்லது மறுசுழற்சித் தொட்டி காலி செய்யப்படாமல் இருக்கலாம்.

தவறுதலாக நீக்கியது தெரிந்தால் அந்த வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துவதே முதல் வேலை. சுழலும் வன்தட்டில் பழைய தரவு மேலெழுதப்படும் வரை இருக்கும் என்பதால் மீட்புக் கருவிகள் உதவக்கூடும். திட நிலை வட்டுகளிலோ, பயன்படாத இடங்களை இயக்குதளம் வட்டுக்கு அறிவிக்க, வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடுவதால் மீட்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அத்தகைய வட்டுகளில் முன்பே எடுத்து வைத்த நகல் ஒன்றே நம்பத்தக்க மீட்பு வழி.